பாதியில் நின்ற கடி

"கொஞ்சம் வலிக்கும். பயப்படாதே" என்று சொல்லிவிட்டு, அவன் அவள் கழுத்தருகே குனிந்தான். அவன் மூச்சில் சூடே இல்லை. கண்ணில் மட்டும் நானூறு வருஷத்துக் காதல் இருந்தது.

"விரலை மூடி மூடித் திற" என்றார் நர்ஸ், வாசிப்பை ஒரு கணம் நிறுத்தி. கட்டிலில் படுத்திருந்த கடைக்குட்டி, கையிலிருந்த ரப்பர் பந்தை அவசரமாக அமுக்கினாள். அவள் ரத்தம் குழாய் வழியாகச் சமர்த்தாக இறங்கிப் பையை நிரப்பிக்கொண்டிருந்தது.

மூன்று அக்காக்களுக்குப் பிறகு பிறந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். காலேஜுக்கு வந்த பிறகும் ஊசி என்றால் ஊரைக் கூட்டுகிறவள், ரத்த வங்கிக்கு இரண்டாவது தடவையாக வந்திருக்கிறாள் என்றால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். அவளை இழுத்து வந்தது சமூக சேவையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ரத்தக்காட்டேரிக் காதல் கதைகள்தான்.

அவள் வகுப்பே அந்தக் கதைத் தொகுப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு பைத்தியமாக அலைந்தது. நாவல் என்றால் முதல் முத்தத்துக்கே இருநூறு பக்கம் காத்திருக்க வேண்டும். தொகுப்பில் பத்து நிமிஷத்துக்கு ஒரு காதலன். அத்தனை பேரும் அழகர்கள், அத்தனை பேருக்கும் அகோரப் பசி, ஆனாலும் காதலியைத் தொடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். மெசேஜுக்குப் பதில் வர அரை மணி தாமதமானாலே முறைத்துக்கொள்ளும் பையன்களைப் பார்த்துச் சலித்த பெண்களுக்கு வேறென்ன வேண்டும்.

இதை நர்ஸ் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். படுத்தால் ஒரு கதை. பை நிரம்பினால் கதை நிற்கும், அது எந்த இடமாக இருந்தாலும் சரி. மீதி நாலு மாதம் கழித்து, அடுத்த பைக்கு. போன வருஷம் வரை காற்று வாங்கிய கட்டில்களுக்கு இப்போது காலையிலிருந்தே வரிசை நிற்கிறது. இன்றைக்குக் கடைசி ஆள் கடைக்குட்டி.

முதல் தடவை கதை நின்றபோது அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் போகிற வழியிலேயே மூன்று புத்தகக் கடை ஏறி இறங்கினாள், நூலகத்தையும் குடைந்தாள். அப்படி ஒரு கதையை யாருமே கேள்விப்பட்டதில்லை.

"அவள் கண்ணை மூடிக்கொண்டாள்" என்று தொடர்ந்தார் நர்ஸ். கையில் பழுப்பு அட்டை போட்ட புத்தகம் விரிந்திருந்தது, கண் மட்டும் ரத்தப் பையை விட்டு அசையவில்லை. "அவன் பல் அவள் கழுத்தில்..."

பைக்கு அடியிலிருந்த தராசு பீப் என்று கத்தியது. பை நிரம்பிவிட்டது. நர்ஸ் புத்தகத்தை மூடினார்.

"அக்கா, இது அநியாயம். ஒரே ஒரு வரி."

"நாலு மாசம் சட்டுனு ஓடிடும். இந்தா, ஜூஸ் குடி. பத்து நிமிஷம் கட்டிலை விட்டு எறங்கக் கூடாது."

அலமாரிப் பக்கமிருந்து பெரிய டாக்டர் விறுவிறுவென்று வந்தார். இந்த ரத்த வங்கிக்கே அவர்தான் தலைவர். இவ்வளவு நேரமும் கையுறைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். போன தடவை கடைக்குட்டி வந்தபோதும் அதே பெட்டிகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், இது என்ன இடம்னு ஞாபகம் இருக்கா? ரத்த வங்கில உக்காந்துக்கிட்டு ரத்தக்காட்டேரி கதை படிக்கிறீங்க. வெளில தெரிஞ்சா நம்ம மானம் என்ன ஆகும்?"

"ரத்தம் வருதே சார்."

"அந்தப் புத்தகத்தைக் குடுங்க. இனிமே அது என் மேஜைலதான் இருக்கும்."

நர்ஸின் முகம் வெளுத்தது. "வேணாம் சார்" என்று புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

கடைக்குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தாள். புத்தகம் போனால் கதையும் போயிற்று. இரண்டு பை ரத்தம் கொடுத்தும், அவன் கடித்தானா விட்டானா என்று தெரியாமலே அவள் கிழவியாக வேண்டியதுதான். "சார், பாவம் சார், அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள் படுத்தபடியே.

டாக்டர் காதில் வாங்கவில்லை. வெடுக்கென்று பிடுங்கினார். முதல் பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போனார். புரட்டினார். முன்னால் வந்தார். மறுபடி பின்னால் போனார். மிட்டாயைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

"இது நம்ம ஃப்ரிட்ஜோட கையேடு. எந்த பட்டனை அமுக்கினா எவ்வளவு குளிரும்னு போட்டிருக்கு. கதை எங்க?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். "கதையெல்லாம் நானா சொல்றதுதான் சார். கையில புத்தகம் இருந்தாத்தான் பிள்ளைங்க நம்புதுங்க."

கடைக்குட்டிக்கு ஜூஸ் புரையேறியது.

டாக்டர் கதவைப் பார்த்தார். யாரும் வரவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

"அது போகட்டும். அவன் கடிச்சானா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

நர்ஸ் மெல்ல நிமிர்ந்தார். வெளுப்பெல்லாம் போய் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. பக்கத்துக் கட்டிலின் விரிப்பைத் தட்டிவிட்டார், புதுப் பை ஒன்றைப் பிரித்துத் தராசில் வைத்தார். கடைக்குட்டி சத்தம் போடாமல், மிச்ச ஜூஸைப் பத்து நிமிஷத்துக்கு வருகிற மாதிரி சொட்டுச் சொட்டாகக் குடிக்க ஆரம்பித்தாள்.

"சட்டைக் கையை மடிங்க சார்."