பெயரை மட்டும் பார்த்த வடிகட்டி

ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் அரே என்ற பட்டியலில், பெயரும் ஊரும் தாங்கி வரிசையாக நின்ற ஆப்ஜெக்ட்டுகள் என்ற பதிவுகளுக்குள் நகல்களைக் களைய முதலில் வந்த வடிகட்டி, ஒவ்வொன்றும் நின்ற இடத்தை மட்டும் பார்த்தது. நகல்கள் வேறு வேறு இடத்தில் நின்றதால் எல்லாமே தப்பித்தன. அடுத்து வந்தது சொற்களின் வரிசையைப் பார்த்தது. பெயருக்கு முன்னால் ஊரை எழுதிக்கொண்ட நகல் தப்பித்தது. மூன்றாவதாக வந்தது பெயரை மட்டும் பார்த்து, வரிசையில் நின்ற மாடத்தியைப் பிடித்து வெளியே இழுத்தது.

"ஒரு மாடத்தி உள்ளே போயாச்சு. நீ அவளோட நகல்" என்றது.

மாடத்திக்கு ரத்தம் கொதித்தது. "அவ சிவகாசிக்காரி, நான் வேம்பாருக்காரி! நகலையெல்லாம் கும்பிட்டு உள்ளே விட்ட கூட்டம், அசலைப் பிடிச்சா தள்ளுறீங்க?"

"பெயரைப் பார்க்கத்தான் எனக்கு உத்தரவு."

"உத்தரவு போட்டவன் உன் கண்ணையும் பிடுங்கிட்டானா? பெயரையும் ஊரையும் சேர்த்துப் படி. வரிசை முழுக்கக் கேக்கட்டும்."

உள்ளே போயிருந்த சிவகாசி மாடத்தி திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். "படிடா. படிக்காம நானும் உள்ளே போக மாட்டேன்."

வரிசையில் ஒருவரும் நகரவில்லை. எல்லோரும் வடிகட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். அது தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தனை பேர் காதிலும் விழும்படி படித்தது:

"மாடத்தி, வேம்பார்."