கழுத்துவரை வந்த படம்

"எலே விபின்! இது பிரவுசிங் சென்டரா, இல்ல ஆளைக் கிறுக்கனாக்குத கடையா?"

ராஜையா மேசையில் அடித்த அடியில் மவுஸ் துள்ளிக் கீழே விழுந்தது.

பாறசாலை ஜங்ஷனுக்குக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்த புதிது. சுற்றுவட்டாரத்தில் இன்டர்நெட் என்றால் விபினும் அவன் மனைவி ஸ்மிதாவும் நடத்தும் இந்த ஒற்றைக் கடைதான். மரக்கடை ராஜையா ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மனைவி செல்லபாயைக் கூட்டிக்கொண்டு நேராக இங்கே வந்துவிடுவார். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் அஜீஷ் அடுத்த மாதம் லீவில் வருகிறான். அதற்குள் அவன் படத்தைப் பார்க்க வேண்டும் என்று செங்கல் ஊர்ப் பெண் வீட்டார் கேட்டிருந்தார்கள். அவனும் மெயிலில் போட்டோ அனுப்பியிருந்தான்.

படம் திறந்தால்தானே! சில வாரங்களாக இதே கூத்து. மேலே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தலைமுடி, நெற்றி, கண், மீசை. கழுத்து வந்ததும் எல்லாம் உறைந்து நிற்கும். லைன் போகும், பிரவுசரும் கூடவே போகும். ஏதோ சட்டவிரோதமான காரியம் நடந்துவிட்டதால் மூடுகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும்.

"எனக்க மகனை நான் பாக்குதது சட்டவிரோதமா?"

"மாமா, மத்த நாளு ஒரு குழப்பமும் இல்ல. பாஸ்வேர்டைத் தாருங்க, நாளைக்கு நானே எறக்கி வைக்குதேன்."

"பாஸ்வேர்டா? இவளுக்கே சொல்லல்ல. உனக்குத் தருவனா?"

விபின் பல்லைக் கடித்தான். பிரவுசரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியாகிவிட்டது. திருவனந்தபுரம் போய்ப் புது சிடி வாங்கி வந்து அதையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. மோடத்தைக்கூட மாற்றிவிட்டான். கடைசியில் கோபம் பெண்டாட்டி மேல் திரும்பியது.

"நீதான் எதையோ அமத்தி வைக்குத."

"நானா? ஞாயித்துக்கிழம மெஷினை நான் தொடவே இல்ல. உங்களுக்கு வேல தெரியாதுண்ணு சொல்லுங்க!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!" ராஜையா கத்தினார். "இன்னைக்குப் படம் வரல்லேண்ணா, சபையில உள்ள ஒரு பிள்ளையும் இங்க கால் குத்தாது. கமிட்டி மெம்பராக்கும் சொல்லுதேன்."

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சபைப் பிள்ளைகள்.

விபின் அவரை ஒருவழியாகச் சமாதானப்படுத்தி எதிரே சாயாக் கடைக்கு இழுத்துப் போனான். செல்லபாய் மட்டும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பாவம், இந்த மனுஷனோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாளோ என்று நினைத்தபடி, மவுஸை எடுக்க மேசைக்கு அடியில் குனிந்த ஸ்மிதா அப்படியே நின்றுவிட்டாள்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது கடைச் சட்டம். செல்லபாய் தன் வெறுங்கால் விரல்களுக்கு நடுவே மோடத்துக்குப் போகும் டெலிபோன் ஒயரை இடுக்கி இழுத்திருந்தாள். அதன் முனை சுவர்ப் பெட்டியிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது.

"மாமீ! நீங்களா?"

செல்லபாய் காலை இழுத்துக்கொண்டாள். மறுக்கவில்லை.

"மொத நாளு அறியாம காலு தட்டிச்சு மக்கா. பொறவு நான்தான்."

"மனசாட்சி உண்டா மாமி உங்களுக்கு? உங்களால எங்க வீட்டில தினமும் சண்டையாக்கும். மாமா வரட்டு, சொல்லத்தான் போறேன்!"

"அந்தப் படத்தில அவன் தனியா நிக்கல்ல." செல்லபாயின் குரல் தாழ்ந்தது. "அங்ஙனயே ஒரு பெண்ணைக் கெட்டியாச்சு. கைப்பிள்ளையும் ஒண்ணு உண்டு. பக்கத்து வீட்டு போன்ல எங்கிட்ட சொல்லி அழுதான். அப்பாகிட்ட வாயால சொல்லப் பயந்து, படத்தை அனுப்பிட்டான்."

"அதுக்கு? என்னைக்காவது தெரியத்தானே போவுது?"

"அடுத்த மாசம் மூணு பேருமா நேரில வாறாவ. மூத்தவ பிஜியும் இஷ்டப்பட்டவனைத்தான் கெட்டினா. அவ போன்லயாக்கும் சொன்னா. போனை வச்சாரு, எனக்கு மகளே இல்லேண்ணாரு. இண்ணுவரைக்கும் வாசப்படி ஏத்தல்ல. அவ நேரில வந்து நிண்ணிருந்தா அடிச்சிருப்பாரு. அடிச்சிட்டு, சோறு தின்னியாண்ணும் கேட்டிருப்பாரு. எனக்கு அவரைத் தெரியும் மக்கா."

ஸ்மிதா ஒயரைச் செருகிவிட்டு மவுஸை எடுத்து மேசையில் வைத்தாள். அதற்குள் ராஜையா வந்துவிட்டார். சாயா அவரைக் கொஞ்சமும் ஆற்றவில்லை.

"போடு! இது கடைசித் தடவ. இவனாவது நான் சொன்ன பெண்ணைக் கெட்டுவான். இல்லேண்ணா இவனும் செத்தாண்ணு வச்சுக்கிடுவேன்."

ஸ்மிதா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மோடம் கத்தி ஓய்ந்தது. ராஜையா பாஸ்வேர்டைத் தட்டினார்.

தலைமுடி வந்தது. நெற்றி, கண், மீசை. செல்லபாய் மகனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால்கள் நாற்காலிக்குக் கீழே ஒதுங்கியிருந்தன. கழுத்து வந்தது.

பிரவுசர் போய்விட்டது.

"நாசமாப் போச்சு!" ராஜையா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "அடுத்த ஞாயித்துக்கிழம சபை வாசல்லயே நிண்ணு சொல்லுதேன் பாரு! ஒருத்தனும் இங்க வரமாட்டான்!"

"சொல்லுங்க மாமா. மெஷின் கேடுதான். படம் எதுக்கு, அடுத்த மாசம் ஆளையே நேரில கண்டுக்கிடலாமே" என்றாள் ஸ்மிதா, ஒயரிலிருந்து காலை எடுக்காமல்.