நடுவில் நாலு நட்சத்திரம்

“இன்னிக்கு நீயே தேடிப் பிடி” என்றார் தியோடர். பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிரிஜெட் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த டெலஸ்கோப்பை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. துடைக்கக்கூட விடமாட்டார்.

தீபாவளிக்குப் பிறகு அவர் மாடிக்கே வரவில்லை. இன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் அவள்தான் வற்புறுத்திக் கூட்டிவந்தாள்.

“எனக்கு என்னங்க தெரியும்?”

“பெரிய வித்தை ஒண்ணுமில்ல. கிழக்கால வரிசையா மூணு நட்சத்திரம் இருக்கும் பாரு. அதுக்குப் பக்கத்துல மங்கலா ஒண்ணு இருக்கும், அதான் ஓரியன் நெபுலா. குழாயை அங்க திருப்பு, போதும்.”

திருப்பினாள். ஜனவரிக் குளிரில் குழாய் சில்லென்று இருந்திருக்க வேண்டும். அவள் கைக்கு அது உறைக்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை.

அன்றுதான் தியோடரின் ஸ்கூட்டர் டிவைடரில் ஏறியது. பின்னால் உட்கார்ந்திருந்த மகள் பிரிஸில்லாவுக்குத் தாடையில் தையல். “பள்ளம்” என்றார் அவர். பிரிஜெட் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. பிள்ளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ரத்தம் பட்ட யூனிஃபார்மை ஊறவைத்தாள்.

“நாளைக்கு அவ ஸ்கூல் போகணும். வேன்ல அனுப்பிடலாமா?” என்றாள் இப்போது.

“வேன் எதுக்கு? நான் இருக்கேன்ல?”

“இல்லங்க…”

“ஒரு தடவை பள்ளத்துல விட்டுட்டா வண்டி ஓட்டவே தெரியாதுன்னு ஆயிடுமா? சும்மா பயந்துக்காத. கிடைச்சுதா?”

பிரிஜெட் குனிந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.

“பாருங்க.”

தியோடர் எழுந்து, இருட்டில் குழாயைத் தடவிக்கொண்டே வந்து வில்லையில் கண்ணைப் பதித்தார். கீழே தெருவில் ஓர் ஆட்டோ கன்னடப் பாட்டோடு போய் மறைந்தது.

“அடடா! முதல் தடவையிலேயே பிடிச்சுட்டியே!”

“என்ன தெரியுது?” அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

“சாம்பலும் பச்சையும் கலந்த புகை. ரெக்கை விரிச்ச பறவை மாதிரி. நடுவுல பொடிப்பொடியா நாலு நட்சத்திரம்.”

“நாலும் தெரியுதா?”

“பளிச்சுனு தெரியுது. நம்ம பெங்களூர் வெளிச்சத்துக்கு இவ்வளவு தெரியறதே பெரிசு.”

அவர் பேசிக்கொண்டே போனார். புகையின் ஓரம் எங்கே மெலிகிறது, எங்கே இருள் உள்ளே நுழைகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிரிஜெட் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஏதாவது உடையும் என்று காத்திருந்தாள். உடையவில்லை.

கையை நீட்டினாள்.

“வண்டிச் சாவியைக் குடுங்க.”

“எதுக்கு?” என்றார் தியோடர், வில்லையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

“குழாயோட மூடியை நான் இன்னும் கழட்டவே இல்லைங்க.”