வெண்கல நிறச் சில்லு

டண்டினொங்கிலுள்ள ரயர்ப் பட்டறையின் வாசல் வழியே விழும் காலை வெயிலில் அந்த வெண்கல நிறச் சில்லு தகதகக்கிறது. றெஜினா எத்தனையோ நாளாக ஃபோனில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தது. சுவரோரம் கறுப்பிலும் வெள்ளியிலும் சாய்ந்து நிற்கும் மற்றச் சில்லுகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயர்த்திக் கட்டிய அவளது யூட் பிக்கப் வண்டியின் முன்பக்கத்தில் கடைக்காரன் அருந்தவன் அதை மாட்டிவிட்டு ஜாக்கை இறக்குகிறான். வண்டி ஒருமுறை குலுங்கி, தன் பாரத்தைப் புதுச் சில்லின் மேல் வைக்கிறது. "வடிவுதான் அக்கா. ஆனா ரயர் மட்கார்ட்டுக்கு வெளியில தள்ளிக்கொண்டு நிண்டா, ரோட்டில ஓட விடமாட்டாங்கள்," என்று இழுக்கிறான். "நான் அப்பவே சொன்னனான், கறுப்பை எடுப்பமெண்டு," என்கிறான் கணவன் நொயல். றெஜினா வண்டிக்குள் தாவி ஏறி, கண்ணாடியில் தொங்கும் செபமாலையைக் கழற்றிக்கொண்டு குதிக்கிறாள். "என்னப்பா செய்யிறீர்? அது செபமாலை!" என்று பதறுகிறான் நொயல். "தெரியும். கொஞ்சம் பேசாம இருங்கோ." மட்கார்ட்டின் விளிம்பில் மாலையை விரலால் அழுத்திப் பிடித்துத் தூக்குக்குண்டு போலத் தொங்கவிடுகிறாள். மணிகள் ஆடுகின்றன, நுனியில் சிலுவை வெயிலை அள்ளி இறைத்துக்கொண்டு சுழல்கிறது. ஆண்கள் இருவரும் முழந்தாளிட்டு உற்றுப் பார்க்கிறார்கள். மெல்ல மெல்ல ஆட்டம் அடங்குகிறது. மணியும் ரயரில் முட்டவில்லை, சிலுவையும் முட்டவில்லை. இடையில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் நேர்கோடாக இறங்குகிறது. "தம்பி, மற்ற மூண்டையும் பூட்டுங்கோ!" என்று றெஜினா கூவுகிறாள். முழந்தாளில் இருக்கும் நொயலின் வலக்கை, அவனை அறியாமலே சிலுவை அடையாளம் போட நெற்றிக்குப் போகிறது.