எல்சி டீச்சரின் எட்டு கிலோ

"ரெண்டே மாசம். எட்டு கிலோ குறையணும். யார் யார் என்ன டயட் இருந்தீங்க, நல்லதும் கெட்டதும் ஒளிக்காம சொல்லுங்க."

எல்சி டீச்சர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டதும், கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தின் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டு வருஷமாகப் பக்கத்து நாற்காலி. இவள் தமிழ், எல்சி கணக்கு. நாற்பத்தாறு வயதில், கணவர் இறந்து ஆறு வருஷம் ஆன பிறகு, எல்சிக்கு என்ன திடீரென்று இடுப்பு மேல் அக்கறை?

பி.டி. மாஸ்டர் டேவிட்சன் முந்திக்கொண்டார். "பேலியோ இருங்க டீச்சர். கறி, முட்டை, நெய். சோத்தைக் கண்ணால பாக்கக் கூடாது. மூணு மாசத்துல பன்னெண்டு கிலோ இறக்கினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் முடி கொட்டிச்சு. வயிறு மக்கர் பண்ணிச்சு. ஒரு கல்யாணத்துல இலை முன்னாடி உக்காந்தேன், போனதெல்லாம் திரும்பி வந்துடுச்சு."

"ரத்த டெஸ்ட் ஏதும் எடுத்தீங்களா?"

"அதெல்லாம் யாரு எடுத்தா?"

சயின்ஸ் ஷைலஜா தினமும் பதினாறு மணி நேரம் பட்டினி கிடப்பவள். "செலவே இல்ல டீச்சர். நாலு கிலோ போச்சு. ஆனா மூணாவது பீரியட்ல தலை சுத்தும். பசங்க மேல எரிஞ்சு விழுவேன்."

"அதான் ஊருக்கே தெரியுமே" என்றாள் மலர்க்கொடி. "நான் வரகு, சாமைன்னு ஆறு மாசம் இருந்தேன். மூணு கிலோதான் குறைஞ்சுது. ஆனா சுகர் அடங்கிச்சு. மெதுவா குறையும், கெடுதல் இல்ல."

"மெதுவா எனக்கு ஆகாது மலர். வேகமாவும் குறையணும், உடம்பும் கெடக் கூடாது."

"அப்படி என்ன அவசரம்? ஆகஸ்ட்ல ஏதாவது விசேஷமா?" டேவிட்சன் கண்ணைச் சிமிட்டினார்.

"ஒரு தேதி குறிச்சிருக்கு சார்."

"யாருக்காக இந்தப் பாடு?"

"ஒருத்தருக்காக."

சாயங்காலம் பெல் அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. எல்சி டீச்சருக்கு ரெண்டாம் கல்யாணமாம்.

மறுநாளே அவள் டிபன் பாக்ஸில் சோறு பாதியானது. மீதிக்குக் கீரை, சுண்டல். காலை ஐந்தரைக்கு அரசலாற்றங்கரையில் வேர்க்க வேர்க்க நடப்பதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். "புது ஷூ வேற வாங்கியிருக்கா!"

ஆனி மாதம் மலர்க்கொடியின் மகளுக்குப் பாபநாசத்தில் நிச்சயதார்த்தம். பந்தியில் எல்சி ஒரே கரண்டி சோறு வாங்கிக்கொண்டாள். அடுத்த கரண்டி வந்தபோது இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தாள். பாயசத்தைத் தொடவே இல்லை.

மலர்க்கொடிக்குப் பொறுக்கவில்லை. கை கழுவும் இடத்தில் மடக்கினாள்.

"என் பொண்ணு விசேஷத்துல ஒரு வாய் பாயசம் குடிச்சா, அந்த ஆளு உன்னை வேணாம்னுடுவானா?"

"எந்த ஆளு?"

"நடிக்காத எல்சி. காலேஜ் போற பொண்ணை வீட்ல வச்சுக்கிட்டு, இந்த வயசுல எவனுக்கோ இளைச்சுக் காட்டுறே. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"இல்ல. இது என் உடம்பு. யாருக்காகக் குறைக்கிறேன், எதுக்காகக் குறைக்கிறேன்னு ஊர்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்து வாங்கணுமா?"

ஈரக் கையை உதறிவிட்டு, தலை நிமிர்ந்தே மண்டபத்தை விட்டுப் போனாள்.

அதோடு இருவருக்குள்ளும் பேச்சு நின்றுபோனது.

ஜூலை கடைசியில் ஹெச்.எம். மலர்க்கொடியைக் கூப்பிட்டு ஒரு லெட்டரை நீட்டினார். "எல்சி டீச்சர் மூணு மாசம் லீவு. அவங்க கிளாஸை யார் யாருக்குப் பிரிக்கலாம்னு பாருங்க."

கல்யாணத்துக்கு மூணு மாசம் லீவா? உதட்டைச் சுழித்தபடி படித்த மலர்க்கொடி, நாலாவது வரியில் நின்றுவிட்டாள்.

'என் தம்பி சகாயராஜுக்கு எனது கல்லீரலின் ஒரு பகுதியைத் தானமாகக் கொடுக்கும் அறுவை சிகிச்சைக்காக...'

மத்தியானமே ஆட்டோ பிடித்து எல்சி வீட்டுக்கு ஓடினாள். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எட்டரை கிலோ குறைஞ்சிருக்கேன் மலர்" என்று சிரித்தாள். "முதல்ல டாக்டருங்க, என் ஈரல்ல கொழுப்பு இருக்கு, எடுக்க முடியாதுன்னுட்டாங்க. தம்பி பொண்டாட்டி ரத்தம் அவனுக்குச் சேரல. சோத்தைப் பாதியாக்கு, தினம் நட, எட்டு கிலோ குறைஞ்சா பாக்கலாம்னாங்க. அதை விட வேகமா, கெடுதல் இல்லாம வேற வழி இருக்கான்னுதான் உங்களையெல்லாம் கேட்டேன். இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா தடுப்பீங்க. பொண்ணு இருக்கு, உனக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு ஆளாளுக்கு வந்து நிப்பீங்க. கல்யாணம்னு நினைச்சா பேச மட்டும்தான் செய்வீங்க. பேச்சைத் தாங்கிக்கலாம்."

மலர்க்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மன்னிச்சுடு எல்சி. தம்பிக்காகப் பட்டினி கிடந்தவளைப் போய், ரெண்டாம் கல்யாணத்துக்கு அலையறவள்னு நினைச்சுட்டேனே!"

எல்சி தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்காகவே இருந்திருந்தா, அன்னைக்கு நீ பேசினது சரின்னு ஆயிடுமா மலர்?"