கையும் குரலும்

கோச்சடைப் பஞ்சாலையில் உருளைகள் காதைக் கிழித்தபடி சுற்றுகின்றன. போன மாதம் விருமாண்டியின் நான்கு விரல்களை விழுங்கிய மிஷின். நாளை முதல் அதில் நிற்கப்போகிறவள் ஒச்சாயி. இன்ஜினீயர் சீதாராமனின் மணிக்கட்டில், மிஷினை நிறுத்த, கை உயர்ந்தால் வேலை செய்யும் பாதரச ஸ்விட்ச் வைத்த தோல்பட்டை. கழுத்தில் குட்டி மைக். "கையத் தூக்கிக்கிட்டே 'நில்லு'ன்னு கத்தணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் நிக்கும். சும்மா தலையைச் சொறிஞ்சா நிக்காது!" தூக்குகிறார், கத்துகிறார், உருளைகள் நிற்கின்றன. முதலாளி கைதட்டிவிட்டு, மறுபடி ஓடவிடச் சொல்கிறார். ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி சுழல்கிறது. ஒச்சாயி பல்லைக் கடித்துக்கொண்டு, சீதாராமனின் பட்டை கட்டிய கையைப் பக்கத்து மேஜையோடு சேர்த்து அழுத்துகிறாள். "கை உள்ள சிக்கிக்கிருச்சுன்னு வச்சுக்கிருங்க சார். இப்ப நிப்பாட்டுங்க." கையை இழுத்துப் பார்த்த சீதாராமன், "நில்லு! நில்லு!" என்று அலறுகிறார். உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒச்சாயி விடுவதாக இல்லை.