இரண்டாவது அடியில் வரும் நடுக்கம்

செத்துப்போன மனைவியை, அவள் உயிரோடு இருந்தபோது பாட வைத்துத் தானே வீட்டில் பதிவு செய்த சிடியை இன்னும் துல்லியமாகக் கேட்க வேண்டும் என்று, பிளேயரைத் தூக்கிக்கொண்டு என் ரிப்பேர் கடைக்கு வந்தார் வேதமூர்த்தி. "ரெண்டாவது அடியில அவ குரல் லேசா நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு உசிரையே குடுக்கலாம்" என்றார்.

பிளேயரைப் பிரித்துக் கப்பாசிட்டர்களை மாற்றினேன். அவள் மூச்சு இழுப்பது கேட்டது. "பக்கத்துலயே உக்காந்திருக்கா!" என்று அழுதார். ஐசியை மாற்றினேன். தொடையில் அவள் தாளம் போடுவதும் வளையல் குலுங்குவதும் கேட்டன. "இன்னும் வேணும், இன்னும்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினேன். இரைச்சல் சுத்தமாக அடங்கியது.

இரண்டாவது அடி வந்தது. தாளம் ஒரு தட்டு பிந்தியது. "தாளம் தப்புற விரல் எதுக்குடி உனக்கு?" என்று வேதமூர்த்தியின் குரல் மெல்லக் கேட்டது. சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம். அதன் மேல்தான் அந்த நடுக்கம். அவள் பாட்டை நிறுத்தவில்லை.

கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டு, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுப்பது என் வழக்கம். கவர் மேசையில் இருந்தது. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "இது வேணாம்ப்பா. பழைய சாமானையே மாட்டிக் குடுத்துடு" என்று அதை எடுக்கக் கை நீட்டினார்.

அந்த மணிக்கட்டைப் பிடித்து மேசையோடு அழுத்தினேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மறுகையால் குறடை எடுத்தேன்.

"எந்த விரல் சார் அது?"